குறை சொன்ன வண்டி

ஜூலை 13, ஞாயிறு

சாஸ்தமங்கலத்தில் இன்று ஒரு பழைய வண்டி பார்த்தேன். மிகவும் பிடித்துப்போனது. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெர்மன் வண்டி. 2018 மாடல். நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இந்த வகைக்கு எஸ்டேட் கார் என்று பெயராம். மற்ற கார்களில் டிக்கி இருக்கும் இடம்வரை கூரை நீண்டுபோய், பின்னால் ஒரு பெரிய கதவு. ஜீப் மாதிரி உயரம் கிடையாது. கருநீல நிறத்தில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

விற்பவர் ஸ்ரீலட்சுமி டீச்சர். கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்தவர். கணவர் உமாசங்கர் சார் வெளிநாட்டில் ஒரு கப்பல் கம்பெனிக்குச் சாமான் கொள்முதல் செய்யும் அதிகாரியாக இருந்திருக்கிறார். ஊர் திரும்பியதும் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. இரண்டு வருஷம் முன்பு அவருக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, எழுதவும் வரவில்லை. வண்டியின் முன்சீட்டும் அவருடைய சக்கர நாற்காலியும் ஒரே உயரம். அவரை அப்படியே நகர்த்தி உட்காரவைத்துவிட்டு, நாற்காலியின் முதுகை மட்டும் மடக்கி, ஒரு பலகை சாய்த்துப் பின்கதவு வழியாக உருட்டி ஏற்றிவிடலாம். டீச்சர் ஒற்றை ஆளாகச் செய்துவிடுகிறார். ஆனால் இப்போது டீச்சருக்குத் தோள்வலி. செப்டம்பரில் லைசன்ஸ் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. அதற்குள் ஒரு நல்ல கையில் கொடுக்க வேண்டும் என்றார்.

கேட்ட விலை இருபத்தாறு லட்சம். நான் இருபத்தெட்டு இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

பிறகு என் வேலையைத் தொடங்கினேன். பிரேக்கை மூன்று தடவை மிதித்து உதட்டைப் பிதுக்கினேன். "பிரேக்கு நம்பும்படியா இல்லையே, டீச்சர்." குனிந்து சக்கரத்தைத் தட்டினேன். "பின்னால ஒரு சத்தம் வருது. மழையில எங்கயாவது நடுவழியில விட்டிரும்." ஒரு சத்தமும் இல்லை. பிரேக் வெண்ணெய்.

என் கடை இருக்கும் சாலைக் கடைத்தெருவில் இதுதான் வழக்கம். சங்கரன்கோவில் வியாபாரி மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்தவுடன் நான் இருமுவேன். "ஈரம்யா இது." அவன் விடமாட்டான். "ஒம்ம மூக்குலதான்வே ஈரம்." இரண்டு பேரும் சிரிப்போம், விலை படியும். குறை சொல்லாமல் வாங்குகிறவனை விற்கிறவனே மதிக்கமாட்டான்.

டீச்சர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. முகம் வெளுத்தது. சரி, இறங்கிவருவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். வராந்தாவில் நாற்காலியில் இருந்த சார்தான் இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 14

மனைவி ராஜமணியிடம் சொன்னேன்.

"அதுல மொளகா மூட்டை ஏத்துவியளா?"

"மாட்டேன்."

"பொறவு எதுக்கு அம்புட்டு நீளம்?"



சைக்கிள், மூணு சக்கர டெம்போ, லோடு ஆட்டோ, இரண்டு லாரி. முப்பத்தெட்டு வருஷத்தில் நான் வாங்கிய எல்லாம் வாங்கிய மறுநாளே சம்பாதிக்கத் தொடங்கியவை. வீட்டுக் கார்கூட வாரத்தில் நாலு நாள் வசூலுக்குப் போகிறது. நேற்று அந்தக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தபோது வெளிச்சத்தம் எல்லாம் நின்றுபோய் என் மூச்சு எனக்கே கேட்டது. வத்தல் தூசியில் வாழ்ந்தவன் மூச்சு, கொஞ்சம் இழுக்கிறது. அதை நான் கேட்டதே இல்லை.

இதைப் போய் ராஜமணியிடம் எப்படிச் சொல்ல? அறுபது வயதை எட்டப்போகிறவனுக்கு மூச்சு கேட்க இருபத்தாறு லட்சமா என்பாள்.

ஜூலை 16

நாளை ஆடி பிறக்கிறது. ஆவணி பிறக்கட்டும், பேசலாம் என்று டீச்சருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஆடியில் நான் எதையும் தொடங்கியதில்லை. கடைக்கு ஒரு தராசு வாங்கியதுகூட இல்லை. மலையாளிகளுக்கும் இது கர்க்கடக மாதம், அவர்களும் வாங்கமாட்டார்கள். ஆக ஒரு மாதம் அந்த வண்டிக்கு வேறு ஆள் வராது. ஒரு மாதம் காயப்போட்டால் தானாக இரண்டு லட்சம் இறங்கும்.

ஜூலை 20, ஞாயிறு

மகள் ஜானவி போனில் கணக்குப் பார்த்தாள். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர். "அப்பா, ஒரு டயருக்கு மட்டும் முப்பதாயிரம் கேட்டோ. அப்பாக்கு வட்டாணோ?"

மலையாளத்தில் கேட்டால் அப்பனைப் பைத்தியம் என்று சொன்னதாக ஆகாது என்று நினைக்கிறாள்.

அதைவிடப் பெரிய கணக்கு வேறு இருக்கிறது. பெரிய வண்டியில் போய் இறங்குகிறவனுக்குக் கடனுக்குச் சரக்கு உடனே கிடைக்கும். விலை மட்டும் குறையாது. கொத்தமல்லி வாங்கப் போகும்போது பழைய காரில்தான் போகவேண்டும். அப்படியென்றால் ஒளித்துவைக்க ஒரு வண்டியா?

வேண்டாம் என்று முடிவு செய்தேன். பத்து நிமிஷம் இருந்தது அந்த முடிவு.

ஜூலை 24

கர்க்கடக வாவு, நம் ஆடி அமாவாசை. பாதிக் கடை அடைப்பு. சங்குமுகம் கடற்கரையில் முன்னோருக்குப் பலி போட்டுவிட்டு வந்தவர்கள் ஈரத்தோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். என்ன மழை இது.

ஜூலை 29

டீச்சர் போன் பண்ணினார்.

"மிஸ்டர் திரவியம், நான் நன்னா யோசிச்சேன் கேட்டேளா. இருபத்தொண்ணு கொடுங்கோ, போரும். கொறையுள்ள சாமானை முழு விலைக்கு விக்கப்படாது."

இரண்டு லட்சம் இறங்கும் என்று நினைத்தேன், ஐந்து இறங்கியிருக்கிறது. நான் இன்னும் வாயைத் திறக்கக்கூட இல்லை. முதலில் சந்தோஷம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தேகம். தானாக விலை இறங்குகிற சரக்கில் அடிமூட்டை புழுத்திருக்கும். ஒருவேளை நிஜமாகவே பிரேக்கில் ஏதாவது கோளாறோ? நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல, அது உண்மையாகவே இருந்துவிட்டதோ? சனிக்கிழமை மெக்கானிக் பிபினைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

வண்டி உறை போட்டு மூடிக் கிடந்தது. உறைமேல் சருகு, தண்ணீர். ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி இறங்கிக் கிடந்தது. பிபின் தன் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து எடுத்தான். தெருவில் இரண்டு சுற்று ஓட்டினான். திரும்பி வந்து சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். டீச்சர் காப்பி போட உள்ளே போயிருந்தார். சார் வராந்தாவில், எங்களுக்கு எட்டடி தூரத்தில்.

"அண்ணாச்சீ, பிரேக்கு சூப்பர். ஒரு கொழப்பவும் இல்லா. இது ஓடாம கெடந்ததால பேட்டரி போச்சு, அவ்வளவுதான். பிரேக்கு மோசம்னு எந்தப் பொட்டன் சொன்னது?"

அந்த முட்டாள் நான்தான். பிபின் என் முகத்தைப் பார்த்தான். அவனும் கடைத்தெருவில் பிழைக்கிறவன்தானே, புரிந்துகொண்டான். குரலை இறக்கி, "இருபத்தொண்ணுக்கு முடிச்சுக்கோங்க. நான் வாய் தொறக்கல" என்றான்.

சார் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாமே கேட்டிருக்கிறார். இடது கையால் நாற்காலிப் பிடியில் அடிக்க ஆரம்பித்தார். டக், டக், டக். டீச்சர் காப்பியோடு ஓடிவந்தார்.

"அவருக்கு என்னமோ படபடப்பு. வண்டியைப் பாத்தாலே இப்படித்தான் பண்றார் இப்பல்லாம். பயப்படறார்."

பயமா? வாழ்நாள் முழுக்கக் கொள்முதல் பண்ணினவர். நான் முதல் நாள் உதட்டைப் பிதுக்கியபோதே அவருக்குத் தெரிந்திருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று. அன்றைக்குக் கையை ஆட்டியது பயந்து இல்லை. 'நம்பாதே' என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

"வண்டியை எடுக்கவே இல்லையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சொன்னேளே, மழைல நடுவழில விட்டுடும்னு. அவரை வெச்சுண்டு எப்படி எடுப்பேன்? கர்க்கடக சிகிச்சை கேட்டேளா, மழை மாசத்துல பண்ற எண்ணெய் வைத்தியம், இருபத்தொரு நாள், வட்டியூர்க்காவுல வைத்தியர் கிட்ட. போன வருஷம் முடிச்சப்போ வலது கைல ரெண்டு வெரல் விரிஞ்சுது. இந்த வருஷம் கை முழுக்க விரியும்னார். நான் ஆட்டோல கூட்டிண்டு போனேன். தூக்கி ஏத்த ரெண்டு பேர் வேணும், நாற்காலி உள்ள போகாது. நாலாம் நாள் தொப்பலா நனைஞ்சு அவருக்கு ஜுரம் வந்துடுத்து. வைத்தியர் நிறுத்திட்டார்."

சாரின் வலது கையைப் பார்த்தேன். மடியில் மூடிய மொட்டாக இருந்தது. போன வருஷம் விரிந்த இரண்டு விரலும் மறுபடி மடங்கிவிட்டன.

"மெக்கானிக் என்ன சொல்றார்?" என்று டீச்சர் கேட்டார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பிபின் தரையைப் பார்த்தான். நான் — "பாக்கணும் டீச்சர்" என்று சொன்னேன்.

பாக்கணுமாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ராஜமணி வித விதமாகச் சோறு கிளறி வைத்திருந்தாள். இறங்கவில்லை.

நான் யாரையும் ஏமாற்றவில்லை. விலை பேசினேன். ஊர் முழுக்க எல்லோரும் பேசுகிற மாதிரி பேசினேன். டீச்சர் வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாமே? படித்தவர். பிசிக்ஸ்!

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். இது நான் எதிர்க்கடைக்காரனிடம் சண்டையில் பேசுகிற பேச்சு.

திருப்பிச் சொல்லத் தெரிந்தவனிடம்தான் அந்தப் பேச்சு பேச வேண்டும். "ஒம்ம மூக்குலதான் ஈரம்" என்று சொல்லத் தெரியாதவளிடம் நான் இருமியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

போகவில்லை. புளி லாரி வந்தது என்று காரணம் வைத்துக்கொண்டேன். லாரி காலை ஒன்பதுக்கே இறக்கிப் போய்விட்டது.

ஆகஸ்ட் 6

ராஜமணியிடம் மொத்தத்தையும் சொன்னேன். கறிக்கு அரிந்துகொண்டிருந்த அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள்.

"இருபத்தொண்ணுக்கு வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துங்க. நான் அதுல ஏறமாட்டேன்."

"நான் இன்னும் வாங்கல ராஜமணி."

"வாங்காம விட்டா மட்டும் அந்தக் கை விரிஞ்சிருமா? அந்தம்மா அந்த வண்டிய இனிமே தொடுவாளா? ஒங்க வாய் ஒரு நாளாவது சும்மா கெடந்திருக்கா? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கே எங்கப்பாட்ட வீட்டுச் சொவரு சாஞ்சிருக்குன்னு சொன்ன ஆளு."

"அது சாஞ்சுதான்டி இருந்துச்சு."

சிரிக்கவில்லை அவள். நானும்.

வாங்காமல் விடுவதுதான் கௌரவம் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பித்து ஓடுவது என்று அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

முழு விலைக்கு வாங்கலாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும். ஐந்து லட்சம் ஏன் கூடுதல் என்று டீச்சர் கேட்பார். காரணம் சொல்லாமல் கொடுத்தால் தர்மம் மாதிரி ஆகிவிடும், வாங்கமாட்டார். ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். இத்தனை வருஷம் திறந்த வாய்தான், இப்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வராந்தாவில் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "டீச்சர், அந்த வண்டியில ஒரு குறையும் இல்ல. பிரேக்கு, சத்தம் — எல்லாம் நான் சும்மா சொன்னது. விலையக் குறைக்க. எங்க கடைத்தெருவில அப்படித்தான் பேசுவோம். பிபினும் சனிக்கிழமையே சொல்லிட்டான், நல்ல வண்டின்னு. அன்னைக்கும் நான் மறைச்சேன்."

டீச்சர் சார் பக்கம் திரும்பி, "அதுக்காகத்தான் கையை ஆட்டினேளா?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான். டீச்சர் அழுதுவிட்டார். நான் செய்ததற்காக அழவில்லை. இத்தனை நாள் அவர் சொன்னதைத் தான் புரிந்துகொள்ளவில்லையே என்று. அது எனக்குத் தெரிந்தது. அடித்திருந்தால்கூட இதைவிட மேல்.

"சரி டீச்சர், வண்டி நல்ல வண்டி. நாளைக்கே எடுங்க, சிகிச்சைக்கு —"

"நான் எடுக்கமாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரல் வகுப்பில் பேசுகிற குரல் ஆகிவிட்டது. "அன்னிக்கு நல்லாயில்லேன்னேள், இன்னிக்கு நன்னாயிருக்குங்கறேள். இதுல எந்த மிஸ்டர் திரவியத்தை நான் நம்பணும்? பெடல்ல கால் வெச்சா எனக்கு நடுங்கறது. அது பிரேக்கோட கொறை இல்லை, நீங்க வெச்ச கொறை."

"இருபத்தாறுக்கே எடுத்துக்கறேன் டீச்சர். ஆவணி ஒண்ணாம் தேதி —"

"நாளைக்குக் காலம்பற வாங்கோ. நாங்க ரெண்டு பேரும் பேசணும்."

ரெண்டு பேரும் பேசணும் என்றார். அந்த வீட்டில் ஒருவர்தான் பேசமுடியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 9, சனி

எட்டு மணிக்குப் போனேன். இரண்டு பேரும் குளித்து உடுத்தி வராந்தாவில் தயாராக இருந்தார்கள். சாருக்கு நெற்றியில் சந்தனம். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். இன்டர்வியூக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்தேன்.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டியைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை. வாங்கற ஆளைப் பத்திச் சொல்லணும். வெளிப் பூச்சு நன்னாத்தான் இருக்கு. உள்ள சத்தம் வரது. நம்பி எங்கயும் தூரமாப் போகமுடியாது. நடுவழில விட்டுடும்."

எனக்குக் காது சுட்டது. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. சார் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, ஆனால் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார். டீச்சருக்கே ஆச்சரியம். இரண்டு வருஷமாக இந்தச் சத்தம் இந்த வீட்டில் இல்லையாம்.

"சரி, விலை. இருபத்தாறு" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்."

சார் இடது கையைத் தூக்கினார். உள்ளங்கை மேலே பார்த்து, இரண்டு தடவை. வத்தல் ஏலத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கப்பல் கம்பெனியிலும் அதுதான் போல.

"அவர் கூடக் கேக்கறார்" என்றார் டீச்சர். "இருபத்தாறே கால்?"

கை இறங்கவில்லை.

"இருபத்தாறரை?"

கை மெல்ல இறங்கி நாற்காலிப் பிடியில் அமர்ந்தது. நான் பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்குமோ என்று வரும் வழியில் தோன்றியது.

"அந்த அரை, மோசமான ஆளுக்கு விக்கறதுக்கு" என்றார் டீச்சர்.

வைத்தியரிடம் நேற்று சாயங்காலமே போனில் பேசிவிட்டார்களாம். கர்க்கடகம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மழைக் குளிர்ச்சி இருக்கும்போதே தொடங்கிவிட்டால், மிச்சத்தைச் சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில், முடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். போன வருஷம் மாதிரி பலன் இருக்குமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றாராம். அந்த வார்த்தையைச் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

என் டிரைவரை அனுப்புகிறேன் என்றேன். "குறை சொன்னது டிரைவர் இல்லையே" என்றார். சிகிச்சைக்கான செலவை நான் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஆவணியில் அட்வான்ஸ் தரட்டுமா என்று கேட்க வாய் வந்தது. எங்கள் வீட்டில் ஆடியில் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. கேட்கவில்லை.

சட்டைப்பையிலிருந்த செக்கை எடுத்தேன். வரும்போதே ராஜமணி வைத்து அனுப்பியது. "மாசம் பாக்காதிய" என்று மட்டும் சொன்னாள்.

டீச்சர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சார் இடது கைப் பெருவிரலால் ஒரு ரேகை வைத்தார், யாரும் கேட்காமலே. அதில் இருப்பதை இங்கும் எழுதிவைக்கிறேன்.

விலை இருபத்தாறரை லட்சம். அட்வான்ஸ் ஒரு லட்சம், இன்று, ஆடி இருபத்துநாலாம் தேதியே கொடுத்தாயிற்று. பாக்கியும் ஆர்.சி. பெயர் மாற்றமும் சிகிச்சை முடிந்து இருபத்திரண்டாம் நாள். அதுவரை வண்டி அவர்கள் வீட்டிலேயே நிற்கும், ராத்திரி நான் எடுத்துப் போகக் கூடாது. நாளை தொடங்கி இருபத்தொரு காலை, ஏழு மணிக்கு, மழையானாலும் சரி, கடைவாசலில் லாரி வந்து நின்றாலும் சரி, சாஸ்தமங்கலத்திலிருந்து வட்டியூர்க்காவுக்குப் போகவும் வரவும் வண்டி ஓட்டுவது நான். சார் முன்சீட்டில். டீச்சர் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் நான் பிரேக் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு வருவார்.